தர்மபுரி, கிருஷ்ணகிரி மாணவர்களுக்கு: முதலீட்டு வங்கியில் கோடை இன்டர்ன்ஷிப் பெற ஒரு வழிகாட்டி

இந்த இரண்டு மாவட்டங்களிலிருந்தும் முதலீட்டு வங்கி இன்டர்ன்ஷிப்புக்கு முயற்சி செய்யும் மாணவர்கள் அறிவுக் குறைவால் வாய்ப்பை இழப்பது அபூர்வம். விண்ணப்பத் தேதி முடிந்த பிறகுதான் விஷயமே காதுக்கு வருகிறது. தேர்வாகிவிட்டாலும் ஆதாரில் ஒரு பெயர், மார்க் ஷீட்டில் ஒரு பெயர் என்று சரிபார்ப்பில் நின்றுபோகிறது. அதையும் தாண்டினால் முதல் மாத அட்வான்ஸும் வாடகையும் புரட்ட முடிவதில்லை. மூன்றையும் முன்கூட்டியே சரிசெய்துவிடலாம். பி.காம்., பி.பி.ஏ., பொறியியல் படிப்பவர்களை மனதில் வைத்து இது எழுதப்படுகிறது. எம்.பி.ஏ. மாணவர்களுக்குக் கல்லூரியின் பிளேஸ்மென்ட் செல்லே பெரும்பகுதியைப் பார்த்துக்கொள்ளும். அவர்கள் 5-ஆம் படியிலிருந்து படித்தால் போதும்.

1. எந்த வேலை என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

நிறுவனங்களை வாங்க, விற்க ஆலோசனை சொல்வது, ஐ.பி.ஓ. (முதல் பங்கு வெளியீடு) கொண்டுவருவது, கடன்பத்திரங்கள் மூலம் பணம் திரட்டிக் கொடுப்பது ஆகியவைதான் முதலீட்டு வங்கியின் வேலை. இந்தியாவில் இந்த வேலைகளை நேரடியாகச் செய்யும் குழுக்கள் பெரும்பாலும் மும்பையில் இருக்கின்றன. கோல்ட்மேன் சாக்ஸ், ஜே.பி. மார்கன், மார்கன் ஸ்டான்லி போன்ற வெளிநாட்டு வங்கிகளுக்குப் பெங்களூரில் பெரிய மையங்கள் உண்டு. ஓசூரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர்தான் என்பதால் நம் மாணவர்கள் முதலில் அங்கேதான் பார்ப்பார்கள். ஆனால் அந்த மையங்களில் ஆபரேஷன்ஸ், ரிஸ்க், கணக்கு, மென்பொருள் என எல்லாப் பிரிவுகளும் ஒரே பெயரில் ஆள் எடுக்கின்றன. விளம்பரத்தில் வங்கியின் பெயரை மட்டும் பார்க்காமல், பிரிவின் பெயரையும் வேலை விவரத்தையும் படியுங்கள். வேல்யுவேஷன் (நிறுவனத்தை மதிப்பிடுவது), ஃபைனான்ஷியல் மாடலிங் (எக்செல்லில் நிதிக் கணிப்பு), பிட்ச் புக் (வாடிக்கையாளருக்குக் காட்டும் முன்மொழிவு) என்ற சொற்கள் இருந்தால் அது நீங்கள் தேடும் வேலை. ரீகன்சிலியேஷன் (கணக்குகளை ஒப்பிட்டுச் சரிபார்ப்பது), செட்டில்மென்ட் (பரிவர்த்தனையை முடித்துக் கொடுப்பது) என்று இருந்தால் அது வேறு. அதுவும் நல்ல வேலைதான், ஆனால் தெரிந்து சேருங்கள்.

மூன்றாவது வகை, பூட்டிக் என்று சொல்லப்படும் சிறிய ஆலோசனை நிறுவனங்கள். சென்னை, பெங்களூரு, கோவை மூன்றிலும் இருக்கின்றன. பத்து இருபது பேர்தான் இருப்பார்கள். பெரிய கல்லூரிப் பெயர் இல்லாத மாணவருக்குக் கதவு திறப்பது பெரும்பாலும் இங்கேதான். வேலையும் இங்கேதான் அதிகம் கற்கலாம். ஆள் குறைவு என்பதால் இன்டர்ன் கையிலேயே உண்மையான எக்செல் ஷீட் வந்துவிடும்.

2. காலண்டரைப் பின்னாலிருந்து எண்ணுங்கள்

இன்டர்ன்ஷிப் பொதுவாக எட்டு முதல் பத்து வாரம். ஏப்ரல் அல்லது மே மாதம் தொடங்கும். ஆனால் பெரிய வங்கிகள் அடுத்த கோடைக்கான விண்ணப்பத்தை முந்தைய ஆண்டு ஜூலை முதல் அக்டோபருக்குள்ளேயே வாங்கி முடித்துவிடுகின்றன. ஜனவரியில் விசாரித்தால் பூட்டிக்குகள் மட்டுமே மிச்சம் இருக்கும். பூட்டிக்குகளுக்கு ஜனவரி, பிப்ரவரிதான் சரியான நேரம். மார்ச் மாதம் வேண்டாம். நிதியாண்டு முடிவதால் மெயிலைத் திறந்து பார்க்கவே அவர்களுக்கு நேரம் இருக்காது.

நம் கல்லூரிகளின் சிக்கல், செமஸ்டர் தேர்வு. பெரியார் பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் கலைக் கல்லூரியாக இருந்தாலும், அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் பொறியியல் கல்லூரியாக இருந்தாலும் தேர்வு மே மாதத்துக்குள் இழுத்துக்கொண்டு போகலாம். சேரும் தேதியை உறுதி செய்யும்போதே இதை ஹெச்.ஆரிடம் எழுத்தில் சொல்லிவிடுங்கள். முன்பே சொன்னால் இரண்டு வாரம் தள்ளிச் சேர அனுமதிப்பார்கள். சேர்ந்த பிறகு மூன்று நாள் லீவு கேட்டால் முகம் மாறும்.

3. இனிஷியலைச் சரிசெய்யுங்கள்

ஆவணங்களில் அதிகம் சிக்கிக்கொள்ளும் இடம் இதுதான். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் 'முருகன் எஸ்', ஆதாரில் 'எஸ் முருகன்', பான் கார்டில் 'முருகன் சின்னசாமி' என்று ஒரே ஆள் மூன்று பெயரில் இருப்பார். நமக்கு இது சாதாரணம். மும்பையிலோ ஹைதராபாத்திலோ உட்கார்ந்து சரிபார்க்கும் ஏஜென்சிக்கு இது மூன்று ஆள். பான் விண்ணப்பத்தில் கடைசிப் பெயரை வெறும் இனிஷியலாகக் கொடுக்க முடியாது என்பதால் அப்பா பெயர் அங்கே விரிந்துவிடுகிறது.

செய்ய வேண்டிய வரிசை இது:

முதலில் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டை அடிப்படையாக வையுங்கள். அதை மாற்றுவதுதான் கடினம். பிறகு ஆதார் சேவை மையத்துக்குப் போய் ஆதாரில் இனிஷியலை விரித்து மாற்றிக்கொள்ளுங்கள். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்ற முடியும். எழுத்துப்பிழை இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மொபைல் எண் இணைக்கப்படவில்லை என்றால் அதே மையத்திலேயே இணைத்துவிடுங்கள். கட்டணம் நூறு ரூபாய்க்குள்தான். ஓ.டி.பி. வராத ஆதாரை வைத்துக்கொண்டு அடுத்து எதுவும் நகராது.

ஆதார் சரியான பிறகே பான். வருமான வரித் துறையின் தளத்தில் உடனடி இ-பான் இலவசமாகக் கிடைக்கும்; ஆனால் அது ஆதாரில் உள்ள பெயரை அப்படியே எடுத்துக்கொள்ளும். ஆதாரில் தப்பு இருந்தால் பானிலும் அதே தப்பு. அட்டையாக வேண்டும் என்றால் தனியாகக் கட்டணம் கட்ட வேண்டும். கடைசியாக வங்கிப் பாஸ்புக். பள்ளியில் உதவித்தொகைக்காகத் தொடங்கிய கணக்காக இருந்தால் அதில் பெயர் இன்னொரு விதமாக இருக்கும், பணம் போடுவதற்கு வரம்பும் இருக்கலாம். கிளைக்கு நேரில் போய் கே.ஒய்.சி. புதுப்பித்துவிட்டு வாருங்கள்.

இவ்வளவுக்கும் நேரம் இல்லை என்றால், எல்லாப் பெயரும் ஒரே நபரையே குறிக்கும் என்ற உறுதிமொழிப் பத்திரத்தை நோட்டரி கையெழுத்துடன் தயாராக வைத்திருங்கள். பெரும்பாலான இடங்களில் ஏற்றுக்கொள்வார்கள்.

மற்ற ஆவணங்கள்: பத்து, பன்னிரண்டு மார்க் ஷீட், இதுவரையிலான செமஸ்டர் மார்க் ஷீட்டுகள், கல்லூரி அடையாள அட்டை, போனஃபைடு சான்று, கல்லூரியின் என்.ஓ.சி. (ஆட்சேபணை இல்லாச் சான்று), புகைப்படம், ரத்து செய்த காசோலை. சாதிச் சான்று, வருமானச் சான்று எதையும் கேட்க மாட்டார்கள். அதற்காக இ-சேவை மையத்தில் அலைய வேண்டாம். என்.ஓ.சி.க்கு ஹெச்.ஓ.டி., முதல்வர் இருவர் கையெழுத்தும் வேண்டியிருக்கும். தேர்வு நேரத்தில் முதல்வரைப் பிடிப்பது சிரமம். நிறுவனத்தின் பெயர் இடம் மட்டும் காலியாக விட்ட கடித மாதிரியை முன்பே ஹெச்.ஓ.டி.யிடம் காட்டி ஒப்புதல் வாங்கி வைத்தால், ஆஃபர் வந்த அன்றே முடிந்துவிடும்.

4. ரெஸ்யூம், மெயில்

ஒரே பக்கம். அப்பா பெயர், மதம், பிறந்த தேதி, பொழுதுபோக்கு எல்லாம் வேண்டாம். 'கடின உழைப்பாளி' என்று எழுதுவதற்குப் பதில் 'மூன்று நிறுவனங்களின் ஐந்தாண்டு நிதிநிலை அறிக்கைகளை எக்செல்லில் ஏற்றி ஒப்பிட்டேன்' என்று எழுதுங்கள். அரியர் இருந்தால் மறைக்காதீர்கள். மார்க் ஷீட் எப்படியும் கேட்பார்கள்.

அனுபவம் எதுவும் இல்லை என்றால் ஒரு வழி இருக்கிறது. ஓசூர், தர்மபுரி, கிருஷ்ணகிரியில் உள்ள ஆடிட்டர் அலுவலகம் ஒன்றில் விடுமுறையில் ஒரு மாதம் உட்காருங்கள். சம்பளம் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை. டிரையல் பேலன்ஸிலிருந்து (எல்லாக் கணக்குகளின் இருப்புப் பட்டியல்) இருப்புநிலைக் குறிப்பு எப்படி உருவாகிறது என்பதைக் கையால் செய்து பார்த்தவருக்கும் புத்தகத்தில் மட்டும் படித்தவருக்கும் உள்ள வித்தியாசம் நேர்முகத்தில் ஐந்தே நிமிடத்தில் தெரிந்துவிடும்.

பூட்டிக்குகளுக்கு மெயில் அனுப்பும்போது பொது முகவரிக்கு அனுப்பிப் பயனில்லை. லிங்க்ட்இன்னில் அங்கே வேலை செய்யும் அனலிஸ்ட், அசோசியேட் யாரென்று பார்த்து அவர்களுக்கு எழுதுங்கள். யார் நீங்கள், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை வர முடியும், அவர்கள் முடித்த ஒரு டீலைப் பற்றி ஒரு வரி, நீங்கள் செய்த ஒரு எக்செல் ஷீட் இணைப்பு. அவ்வளவே. ஒரு வாரம் கழித்து ஒரே ஒரு நினைவூட்டல்.

பங்குச் சந்தைப் பயிற்சி நிறுவனமான என்.ஐ.எஸ்.எம். நடத்தும் மெர்ச்சன்ட் பேங்கிங் (முதலீட்டு வங்கிப் பணி) சான்றிதழ்த் தேர்வு ஒன்று இருக்கிறது. சான்றிதழ் மூன்று ஆண்டுக்குச் செல்லும். இன்டர்னுக்குக் கட்டாயம் இல்லை. பல்லாயிரம் ரூபாய் கேட்கும் தனியார் மாடலிங் கோர்ஸ்களுக்கு முன்னால் இதைப் பாருங்கள்.

5. ஒரு உள்ளூர் நிறுவனத்தை அக்குவேறு ஆணிவேறாகப் பிரியுங்கள்

தயாரிப்பில் பாதி இதிலேயே முடிந்துவிடும். நம் பகுதியில் இதற்கான பொருளுக்குப் பஞ்சமே இல்லை. ஓசூரில் ஆலை வைத்திருக்கும் டி.வி.எஸ். மோட்டார், டைட்டன், அசோக் லேலண்ட் மூன்றும் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டவை. போச்சம்பள்ளியில் ஆலை உள்ள ஓலா எலெக்ட்ரிக் 2024 ஆகஸ்டில் பட்டியலுக்கு வந்தது. ஆண்டறிக்கைகள் பங்குச் சந்தைகளின் தளங்களில் இலவசம், ஐ.பி.ஓ. ஆவணங்கள் பங்குச் சந்தைகளை ஒழுங்குபடுத்தும் செபியின் தளத்தில் இலவசம்.

ஓலாவின் ஆவணத்தைத் திறந்தால் நூற்றுக்கணக்கான பக்கம் மிரட்டும். எல்லாம் படிக்க வேண்டாம். திரட்டும் பணம் எதற்கு என்ற பகுதி, வெளியீட்டு விலைக்கான அடிப்படை, ஆபத்துகள், நிர்வாகத்தின் நிதி அலசல் ஆகிய நான்கு பகுதிகள் போதும். பணத்தில் ஒரு பகுதி பேட்டரி செல் ஆலை விரிவாக்கத்துக்கு என்று முதல் பகுதியில் இருக்கும். அதைப் படித்துவிட்டு, ஒதுக்கிய தொகை எவ்வளவு, எந்தத் துணை நிறுவனம் வழியாகப் போகிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள்.

டி.வி.எஸ். மோட்டாரில் வேறொரு பாடம் இருக்கிறது, பலர் வழுக்கும் இடம் அது. நிறுவனத்தின் மொத்த மதிப்பு என்பது பங்குகளின் சந்தை மதிப்புடன் கடனைக் கூட்டி, கையிருப்புப் பணத்தைக் கழித்தால் வருவது. கன்சாலிடேட்டட் (துணை நிறுவனங்களையும் சேர்த்த) கணக்கிலிருந்து கடனை அப்படியே எடுத்துக் கூட்டினால் எண் விண்ணுக்குப் போய்விடும். ஏனென்றால் வண்டிக் கடன் கொடுக்கும் டி.வி.எஸ். கிரெடிட் அதன் துணை நிறுவனம்; அது கடன் வாங்கித்தான் கடன் கொடுக்கிறது. அந்தக் கடன் அதன் தொழிலுக்கான சரக்கு, இருசக்கர வாகன ஆலையின் கடன் அல்ல. அதனால் வாகனத் தொழிலைத் தனியாகவும், நிதி நிறுவனத்தை அதன் நிகர மதிப்பை வைத்துத் தனியாகவும் மதிப்பிட வேண்டும். டைட்டனின் இருப்புநிலைக் குறிப்பில் தங்கத்தைக் கடனாகப் பெற்ற வகையில் ஒரு வரி இருக்கும். அதைக் கடனாகக் கொள்வதா, நடைமுறை மூலதனமாகக் கொள்வதா என்று உங்கள் முடிவைக் காரணத்தோடு எழுதி வையுங்கள்.

பட்டியலிடப்படாத நிறுவனம் ஒன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். கிருஷ்ணகிரியின் மாங்கூழ் ஆலைகள் இதற்கு அருமையானவை. தனியார் நிறுவனமாகப் பதிவான ஆலையின் கணக்குகளை மத்திய நிறுவன விவகார அமைச்சகத்தின் (எம்.சி.ஏ.) தளத்தில் 100 ரூபாய் கட்டிப் பார்க்கலாம். பார்ப்பதற்கு மூன்று மணி நேரம் கிடைக்கும், அதற்குள் வேண்டியதை இறக்கிக்கொள்ளுங்கள். ஒரு கற்பனைக் கணக்கு: எபிட்டா (வட்டி, வரி, தேய்மானம் கழிப்பதற்கு முந்தைய லாபம்) 12 கோடி, இதே மாதிரி நிறுவனங்கள் 7 மடங்குக்கு விலைபோகின்றன என்றால் மொத்த மதிப்பு 84 கோடி. மார்ச் 31 அன்று கடன் 30 கோடி, கையிருப்பு 4 கோடி. பங்குதாரர்களுக்குச் சேருவது 58 கோடி.

இங்கே நிறுத்திவிடாதீர்கள். மாங்காய் வாங்குவது மே முதல் ஜூலை வரை. விற்பது ஆண்டு முழுக்க. மார்ச் 31 அன்று சரக்கு பெரும்பாலும் விற்றுத் தீர்ந்து வங்கிக் கடனும் குறைந்திருக்கும். ஜூலையில் அதே கடன் 60 கோடியாக இருக்கலாம். ஆண்டுக் கடைசித் தேதியின் கடனை மட்டும் கழித்தால் வாங்குபவர் அதிக விலை கொடுத்துவிடுவார். மாதச் சராசரிக் கடனைக் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும். மாங்காய் மண்டியைச் சிறுவயதிலிருந்து பார்த்த ஒருவர் இதை நேர்முகத்தில் சொன்னால், எதிரில் இருப்பவர் பேனாவை எடுப்பார்.

6. நேர்முகத் தேர்வு

கேள்விகள் பெரும்பாலும் ஒரே வட்டத்துக்குள் சுற்றும். கட்டாயம் வரும் ஒன்று: தேய்மானம் 10 ரூபாய் கூடினால் மூன்று அறிக்கைகளிலும் என்ன ஆகும்? வரி 25 சதவீதம் என்று வைத்துக்கொண்டு சொல்லுங்கள். லாபநட்டக் கணக்கில் வரிக்கு முந்தைய லாபம் 10 குறையும், வரி 2.50 குறையும், நிகர லாபம் 7.50 குறையும். பணப்புழக்க அறிக்கையில் 7.50 குறைவில் தொடங்கி, பணமாக வெளியே போகாத தேய்மானம் 10-ஐத் திரும்பக் கூட்டினால் கையிருப்பு 2.50 கூடும். இருப்புநிலைக் குறிப்பில் பணம் 2.50 கூடும், நிலைச்சொத்து 10 குறையும். ஆகச் சொத்துப் பக்கம் 7.50 குறைவு. எதிர்ப்பக்கம் சேர்த்து வைத்த லாபம் 7.50 குறைவு. சரியாகிவிட்டது. இதைக் கண்ணாடி முன் ஆங்கிலத்தில் சத்தமாகச் சொல்லிப் பழகுங்கள். தமிழ்வழியில் படித்தவர்களுக்குக் கணக்கு தெரிந்திருக்கும், வாயில் வராது. அந்த இடைவெளியைப் பேசிப் பேசித்தான் மூட முடியும். உச்சரிப்புக்கு யாரும் மதிப்பெண் குறைப்பதில்லை, வரிசை தப்பினால்தான் குறைப்பார்கள்.

வீடியோ நேர்முகத்துக்கு மின்வெட்டு நாளை முன்பே பாருங்கள். மாதாந்திரப் பராமரிப்பு அறிவிப்பு முந்தைய நாள் செய்தித்தாளில் வந்துவிடும். இரண்டு வெவ்வேறு சிம்களில் டேட்டா வைத்திருங்கள்.

7. பணம் கேட்டால் விலகுங்கள்

உண்மையான நிறுவனம் பயிற்சிக் கட்டணம், லேப்டாப் டெபாசிட், சான்றிதழ்க் கட்டணம் எதுவும் வாங்காது. டெலிகிராம் குழுவில் சேர்த்து டீமேட் கணக்கு திறக்கச் சொன்னாலோ, 'நிறுவனப் பணம் உங்கள் கணக்குக்கு வரும், வேறு கணக்குக்கு அனுப்புங்கள்' என்றாலோ அது மோசடி. உங்கள் கணக்கு முடக்கப்பட்டு, வழக்கும் உங்கள் மேல்தான் வரும்.

சரிபார்ப்பது எளிது. ஐ.பி.ஓ. வேலை செய்கிறோம் என்பவர்கள் செபியின் மெர்ச்சன்ட் பேங்கர் பட்டியலில் இருக்க வேண்டும். நிறுவனங்களை வாங்க, விற்க ஆலோசனை மட்டும் சொல்பவர்கள் அந்தப் பட்டியலில் இல்லாமல் இருக்கலாம். அவர்களின் பெயரை எம்.சி.ஏ. தளத்தில் தேடினால் பதிவு விவரம் இலவசமாகத் தெரியும்.

ஆஃபர் லெட்டரில் தொடங்கும் தேதி, முடியும் தேதி, ஸ்டைப்பெண்ட், டி.டி.எஸ். (முன்கூட்டிய வரிப் பிடித்தம்), லேப்டாப் யாருடையது, சான்றிதழ் தருவார்களா ஆகிய ஆறும் இருக்கிறதா பாருங்கள். பான் கொடுக்காவிட்டால் வரிப் பிடித்தம் 20 சதவீதம் வரை போகும். கொடுத்தும் பிடித்தால் பயப்பட வேண்டாம். உங்கள் ஆண்டு வருமானம் வரி வரம்புக்குள் இருந்தால் ரிட்டர்ன் தாக்கல் செய்து முழுவதையும் திரும்பப் பெறலாம்.

8. தங்குமிடம், பயணம், முதல் மாதப் பணம்

ஸ்டைப்பெண்ட் மாத முடிவில்தான் வரும், சில இடங்களில் அடுத்த மாதம் பத்தாம் தேதிக்கு மேல் வரும். அதனால் முதல் மாதத்துக்கு முழுப் பணமும் கையில் வேண்டும். பகிர்வு அறை பி.ஜி., அட்வான்ஸ், சாப்பாடு, போக்குவரத்து, இரண்டு பேண்ட், நான்கு சட்டை, ஒரு ஷூ எல்லாம் சேர்த்துப் பெங்களூருக்கு 25,000 ரூபாய், மும்பைக்கு 40,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். அட்வான்ஸ் எவ்வளவு பிடித்துக்கொள்வார்கள், எத்தனை நாள் முன்பு சொல்ல வேண்டும் என்பதைப் பி.ஜி. நடத்துபவரிடம் வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்குங்கள். இரண்டு மாதம்தான் தங்குவோம் என்பதைக் கடைசியில் சொன்னால் அட்வான்ஸ் போய்விடும்.

ஓசூர்க்காரர்கள் தினமும் போய்வரலாம் என்று நினைப்பீர்கள். 2025 ஆகஸ்டில் திறந்த மஞ்சள் தட மெட்ரோ பொம்மசந்திரா வரை வந்திருப்பதால் காலையில் போவது முன்பைவிடச் சுலபம்தான். இரவு பதினொன்றுக்கு வேலை முடிந்தால் திரும்புவதுதான் பாடு. முதல் மாதமாவது அலுவலகத்துக்கு அருகே தங்குங்கள்.

மும்பைக்கு, கோவையிலிருந்து லோக்மான்ய திலக் டெர்மினஸ் போகும் விரைவு ரயில் தர்மபுரி, ஓசூர் வழியாகவே செல்கிறது. கிருஷ்ணகிரி நகரத்தில் ரயில் நிலையம் இல்லை. தர்மபுரிக்கோ ஓசூருக்கோ வந்து ஏற வேண்டும். முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கும். கோடை விடுமுறைக் கூட்டம் என்பதால் திறந்த வாரத்திலேயே போட்டுவிடுங்கள். பயணம் ஒரு நாளுக்கு மேல் ஆகும். சேரும் நாளுக்கு இரண்டு நாள் முன்பாவது போய் இறங்குங்கள்.

9. முதல் வாரம்: வாயைக் காப்பது

முதல் நாளில் ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்குவார்கள். உங்களைச் சார்ந்திருக்கும் அல்லது பங்கு வாங்க உங்களிடம் ஆலோசனை கேட்கும் பெற்றோர், உடன்பிறந்தோர் பெயரும் பான் எண்ணும் கேட்கலாம். செபியின் 2015-ஆம் ஆண்டு உள்தகவல் வணிகத் தடை விதிகளின்படி இது வழக்கமானது. வீட்டில் முன்பே சொல்லிவைத்து எண்களை வாங்கி வாருங்கள். உங்களிடம் டீமேட் கணக்கு இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள், அனுமதி இல்லாமல் ஒரு பங்கும் வாங்காதீர்கள். உள்தகவல் வணிகத்துக்குக் குறைந்தபட்ச அபராதமே 10 லட்சம் ரூபாய். 25 கோடி அல்லது அடைந்த லாபத்தைப் போல மூன்று மடங்கு, இதில் எது அதிகமோ அதுவரை போகலாம்.

டீல்களுக்குப் புனைபெயர் வைத்திருப்பார்கள். லிஃப்டிலும் கேன்டீனிலும் அந்தப் பெயரைக்கூடச் சொல்லாதீர்கள். பெங்களூரு பஸ்ஸில் தமிழில் பேசினால் யாருக்குப் புரியும் என்று நினைக்க வேண்டாம். பாதிப் பஸ்ஸுக்குப் புரியும். திரை தெரியும்படி செல்ஃபி, சொந்த மெயிலுக்கு ஃபைல் அனுப்புவது, வெளியிலுள்ள ஏ.ஐ. தளத்தில் நிறுவன எண்களை ஒட்டுவது ஆகிய மூன்றும் அன்றைக்கே வெளியே அனுப்பக்கூடிய குற்றங்கள்.

10. வேலையில் எங்கே தப்பு நடக்கும்

அலகு. ஒரு நிறுவனம் கோடியில் கணக்கு போடும், இன்னொன்று லட்சத்தில், வெளிநாட்டு வாடிக்கையாளர் மில்லியனில் கேட்பார். 10 லட்சம் ஒரு மில்லியன், ஒரு கோடி பத்து மில்லியன். ஒவ்வொரு ஷீட்டின் தலைப்பிலும் அலகை எழுதுங்கள்.

ஆண்டு. இங்கே 2025 நிதியாண்டு என்றால் 2025 மார்ச் 31-இல் முடிவது. ஒப்பிடும் வெளிநாட்டு நிறுவனம் டிசம்பரில் முடிக்கும். இரண்டையும் ஒரே நெடுவரிசையில் வைத்தால் ஒன்பது மாத வித்தியாசம் ஒளிந்துகொள்ளும்.

நிறம். கையால் அடித்த எண் நீலம், ஃபார்முலா கறுப்பு, வேறு ஷீட்டிலிருந்து வருவது பச்சை. ஃபார்முலாவுக்குள் எண்ணை நேரடியாக அடித்துவிட்டால் அடுத்தவர் கண்டுபிடிக்கவே முடியாது. எஃப்2 (செல்லைத் திருத்த), எஃப்4 (செல் முகவரியைப் பூட்ட) இரண்டும் விரலில் ஊறியிருக்க வேண்டும். மௌஸைத் தேடினால் பின்தங்குவீர்கள்.

மூலம். ஒவ்வொரு எண்ணுக்கும் எந்த அறிக்கை, எந்தப் பக்கம் என்று செல் குறிப்பில் எழுதுங்கள். இரவு பன்னிரண்டுக்கு 'இது எங்கிருந்து வந்தது' என்று கேட்பார்கள். ஃபைலைச் சேமிக்கும்போது பழையதன் மேல் எழுதாமல் வி1, வி2 என்று எண்ணிட்டுக்கொண்டே போங்கள்.

மாலை எட்டு மணிக்குத்தான் திருத்தங்கள் வரும். பெரியவர்கள் பகலெல்லாம் வாடிக்கையாளர் சந்திப்பில் இருப்பதால் அவர்கள் படிப்பதே அப்போதுதான். பகலில் கொஞ்சம் ஓய்வு கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள், சாப்பாட்டைத் தள்ளிப்போடாதீர்கள். புரியாத வேலையை இரண்டு மணி நேரம் வைத்துக்கொண்டு தவிக்காமல், இருபது நிமிடத்தில் போய்க் கேளுங்கள். மூன்று கேள்விகளைச் சேர்த்துக்கொண்டு ஒரே தடவையாகக் கேட்டால் அனலிஸ்டும் பொறுமையாகச் சொல்வார்.

11. கடைசி வாரம்

சான்றிதழ், கல்லூரி கிரெடிட் படிவத்தில் கையெழுத்து, டி.டி.எஸ். சான்று மூன்றையும் கடைசி நாளுக்கு ஐந்து நாள் முன்பே கேளுங்கள். கையெழுத்திட வேண்டியவர் வெளியூர் போய்விட்டால் பிறகு கூரியருக்காக மாதக்கணக்கில் காத்திருக்க நேரும். அடுத்த ஆண்டு வேலைக்கு எடுப்பார்களா என்பதையும் மேலாளரிடம் நேராகவே கேட்கலாம், தப்பில்லை.

ரெஸ்யூமில் சேர்க்கும்போது, அறிவிக்கப்படாத டீலின் பெயரை எழுதக் கூடாது. 'உணவுப் பதப்படுத்தும் துறை நிறுவனம் ஒன்றின் பங்கு விற்பனைக்கு மதிப்பீட்டு மாடல் தயாரித்தேன்' என்று எழுதி, அந்த வரியை அனலிஸ்டிடம் காட்டி ஒப்புதல் வாங்குங்கள். லேப்டாப், அடையாள அட்டை திருப்பிக் கொடுத்ததற்கு மெயிலில் ஒப்புகை வாங்கிய பிறகே ஊருக்கு டிக்கெட் போடுங்கள்.